பாகம் பிரிக்காத பூர்வீக வீட்டில் ஒரு பங்கு வெளியாருக்குப் போகிறது: வீட்டைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பேரன்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் எங்கள் ஊர் இருக்கிறது. மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் விற்ற பணத்தில் என் தாத்தா 1961-இல் கட்டிய வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறோம். மண்சுவர், கல்தூண்கள், நாட்டு ஓடு வேய்ந்த கூரை, நடுவில் தொட்டிமுற்றம், வாசலின் இருபுறமும் திண்ணை என்று அந்தக் காலத்துக் கட்டுமானம் அப்படியே இருக்கிறது. அப்பா, அம்மா, கணவரை இழந்த பெரியம்மா, அவருடைய மகனான என் அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு குழந்தைகள், நான், என் மனைவி என ஒன்பது பேர் ஒரே அடுப்பில் உண்கிறோம். கேழ்வரகு கொட்டி வைத்த குதிர் இன்னும் கூடத்து மூலையில் நிற்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எதையும் மாற்றும் வழக்கம் இல்லை என்பது தெரிந்தால்தான் என் சிக்கல் உங்களுக்குப் புரியும்.

தாத்தா 1994-இல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி 2008-இல் காலமானார். அவர்களுக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பெரியப்பா 2016-இல் இறந்துவிட்டார்; அவருடைய மகள் திருமணமாகிப் போய்விட்டார். அப்பா இரண்டாமவர். சித்தப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தைகள் இருவரும் திருமணமாகித் தருமபுரிப் பக்கம் இருக்கிறார்கள். மனை கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம். நத்தம் கணக்கெடுத்தபோது வீட்டில் இருந்தவர் என்பதால் பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. வீட்டு வரியும் அவரே கட்டி வருகிறார். பாகப்பிரிவினை என்று ஒரு காகிதம்கூட இதுவரை எழுதியதில்லை. "வீடு ஊரில் இருக்கிறவர்களுக்கு, பெண்களுக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது" என்று தாத்தா வாய்வார்த்தையாகச் சொன்னதையே அப்பா பத்திரம்போல் நம்புகிறார்.

சித்தப்பாவின் மகன் தொழிலில் பெரிய கடன்பட்டுவிட்டான். அதை அடைக்கத் தன் பங்கை விற்கப் போவதாகச் சித்தப்பா சொல்லி இரண்டு மாதங்கள் ஆகின்றன. வாங்க வந்திருப்பவர் நிலம் வாங்கி விற்பவர். நெடுஞ்சாலை அருகில் கிடங்கு கட்ட இடம் தேடுகிறார். ஒரு பங்கை முதலில் வாங்கிவிட்டால் மற்றவர்கள் தாமாகவே விற்க முன்வருவார்கள் என்று அவர் ஊரில் பேசியது எங்கள் காதுக்கு வந்தது. பத்திரம் முடிந்ததும் கிழக்குப் பக்கத்து இரண்டு அறைகளைப் பூட்டிக்கொள்வாராம். சித்தப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கஷ்டம் உண்மையானது. ஆனால் அந்த அறைகளில் ஒன்றில்தான் பெரியம்மா இருபது ஆண்டுகளாகப் படுத்து எழுகிறார்.

அப்பா நீதிமன்றத்தின் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். அண்ணன் தம்பி கோர்ட்டுப் படி ஏறினால் வீடு நின்றும் பயனில்லை என்கிறார். வெளியார் ஒருவர் இப்படிப் பங்கை வாங்கி உள்ளே வர முடியுமா, தாத்தாவின் வாய்வார்த்தைக்கு மதிப்பு உண்டா, சித்தப்பாவின் பங்கை நாங்களே வாங்கிக்கொள்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் மாந்தோப்பு ஒன்றுதான் எங்களுக்கு இருக்கும் வேறு சொத்து.

பதில்: ஓசூர் வழக்கறிஞர்

தம்பி, உரிமையியல் வழக்குகளை நீண்ட காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பத்திரங்களைப் பார்க்காமல் சொல்வதால், இதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்ப்பது அவசியம்.

முதலில் உங்கள் அப்பாவுக்குக் கசக்கும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் உங்கள் அத்தைகள் இருவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. வீடு தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. பிறகு பாட்டியின் பங்கும் அதே ஐந்து பிள்ளைகளுக்கு இறங்குகிறது. மனை கொள்ளுத்தாத்தா காலத்தது, ஆகவே பூர்வீகம் என்று வாதாடினாலும் கணக்கு மாறாது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் பிறப்பிலேயே பங்காளி ஆக்கியது. அந்த உரிமைக்குத் தந்தை 2005 செப்டம்பர் 9 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வாய்மொழிப் பாகப்பிரிவினையை எளிதில் ஏற்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அரசு ஆவணங்களின் துணையோடு ஐயமின்றி நிரூபித்தால் மட்டுமே, அதுவும் விதிவிலக்காக, ஏற்பார்கள். நகையும் சீரும் கொடுத்ததால் மகளின் பங்கு அற்றுப்போவதில்லை. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதாலோ வரியை அவர் மட்டும் கட்டுவதாலோ மற்றவர்களின் உரிமை அழிவதும் இல்லை.

இந்தக் கணக்கை உங்கள் அப்பா தமக்கு எதிரானதாக நினைக்க வேண்டாம். அத்தைகளின் பங்குகள் எழுத்தில் இல்லாத வரை, நாளை அதே ஆள் அவர்கள் வீட்டு வாசலுக்கும் பையோடு போவார். ஐந்தில் மூன்று பங்கு அவர் கைக்குப் போய்விட்டால் உங்கள் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்களுக்குத் துணையாக இருக்கும் சட்டங்கள். வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி, உயிலின்றி இறந்தவரின் அசையாச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகள் (மனைவி, பிள்ளைகள் போன்றோர்) பலருக்கு இறங்கி, அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். உங்கள் அப்பாவும் அத்தைகளும் அந்த வகுப்பில் வருகிறார்கள். இந்த உரிமையை விற்பனைக்கு முன்பே எழுத்தில் கோருவது நல்லது. வக்கீல் நோட்டீஸ் என்றால் உறவு முறியும் என்று அப்பா அஞ்சினால், அவரே தம் கையெழுத்தில், "உன் பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்" என்று தம்பிக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பட்டும். நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை பத்திரம் முடிந்துவிட்டாலும், அந்த ஆள் இரண்டு அறைகளைப் பூட்டிக்கொள்ள முடியாது. பிரிக்கப்படாத குடும்பக் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாருக்குக் குடும்பத்தாரோடு சேர்ந்து அனுபவம் கொள்ளும் உரிமை இல்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. அவர் செய்யக்கூடியது பாகப்பிரிவினை வழக்குத் தொடுப்பது. அப்படித் தொடுத்தால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்கீழ், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாகக் குடும்பப் பங்குதாரர் எவரும் முன்வரலாம். இந்த உரிமைகள் எல்லாம் குடும்ப வீடு என்ற காரணத்தால் கிடைப்பவை. வீடு பூட்டிக் கிடந்தால் வாதம் பலவீனப்படும்; நீங்கள் ஒன்பது பேர் அங்கே குடியிருப்பது பெரிய பலம்.

அப்பாவின் நீதிமன்ற வெறுப்பை நான் மதிக்கிறேன். கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடாமலேயே அங்கே மனுக் கொடுத்து, எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிக்கலாம். அந்த ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், எட்டப்படும் உடன்பாட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு. அதன்மீது மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பதால், அத்தைகளும் பெரியம்மாவும் தங்களுக்கென வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்; பிற்காலத்தில் எவரும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதாகச் சொல்ல இடமிருக்காது.

பணத்துக்கு அவசரப்பட்டு வீட்டை நிதி நிறுவனம் எதிலும் அடமானம் வைத்துவிட வேண்டாம். தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, உரிமையியல் வழக்குத் தொடுக்காமலேயே சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்க வங்கிகளுக்கும் அச்சட்டம் பொருந்தும் நிதி நிறுவனங்களுக்கும் அதிகாரம் உண்டு. வெளியாருக்குப் பங்கு போவதைத் தடுக்க முழு வீட்டையும் பணயம் வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பதில்: பென்னாகரத்து மகள்

தம்பி, நான் உங்கள் அத்தைகளின் இடத்தில் இருந்தவள். அதனால் சட்டம் தவிர்த்து வேறொன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பிறந்த வீடும் பாகம் பிரிக்காத வீடுதான். அண்ணன்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தங்களுக்குள் வீட்டைப் பிரித்துக்கொண்டு, கடைசியில் ஒரு நாள் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அந்தப் பங்கின் பணம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சொந்த அண்ணன் நேரில் வரவில்லையே என்பதுதான் பல ஆண்டுகள் உறுத்தியது. என் தங்கை அந்த வருத்தத்திலேயே வழக்குப் போட்டாள். வழக்கு முடிவதற்குள் வீட்டின் பின்கட்டு விழுந்துவிட்டது.

நீங்கள் எழுதியதில் சித்தப்பாவின் கஷ்டத்தைச் சொன்னீர்கள், பெரியம்மாவின் அறையைச் சொன்னீர்கள். அத்தைகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்களைக் கேட்டீர்களா? ஆடிப்பெருக்குக்கு அவர்கள் பிறந்த வீட்டுக்கு வருவது இன்னும் உண்டா? உங்கள் அப்பாவே புறப்பட்டு அவர்கள் இருவர் வீட்டுக்கும் போய், இன்ன நிலைமை என்று சொல்லி, "உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். பிள்ளைகளை அனுப்பக் கூடாது, தொலைபேசியிலும் பேசக் கூடாது.

அவர்கள் பணம் கேட்டால் அது அவர்கள் உரிமை. முகம் சுளிக்காமல் கொடுக்க வழி பாருங்கள். வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், அதை அவர்கள் செய்த உதவியாக எண்ணுங்கள். கடமையைச் செய்தார்கள் என்று பேசாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தில், இரு சகோதரிகள் பங்கை விட்டுக்கொடுத்தபோது, பின்கட்டில் ஓர் அறையில் தங்கள் ஆயுள் உள்ளவரை வந்து தங்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த அறையின் சாவி அவர்களிடம் இருக்கிறது.

பதில்: பாலக்கோடு கட்டடக்காரர்

ஐயா, பழைய ஓட்டு வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன் நான். பங்கு விவகாரம் பெரியவர்கள் சொன்னபடி நடக்கட்டும். ஆனால் பேச்சு நடக்கும் காலத்தில் வீடு நனைந்து கரைந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வீடு இடியும் நிலையில் இருக்கிறது என்று ஒருவர் காட்டிவிட்டால், விற்கச் சொல்லும் தரப்பின் கை ஓங்கிவிடும்.

மண்சுவர் வீட்டில் கூரைதான் முதல் வேலை; சுவர் அடுத்தது. தொட்டிமுற்றத்தைச் சுற்றி இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் நான்கு மூலைகளையும் ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் ஒழுகல் அங்கேதான் தொடங்கும். அதற்கு நேர் கீழே இருக்கும் கைமரம் மக்கியிருக்கும், கரையானும் ஏறியிருக்கும். ஐப்பசி மழைக்கு முன்பாக அந்த மூலைகளில் ஓட்டைப் பிரித்து, மக்கிய மரத்தை மட்டும் மாற்றி, உடைந்த ஓட்டுக்கு நல்ல ஓடு போட்டு அடுக்கிவிட்டால் வீடு தாங்கும். நாட்டு ஓடு கிடைக்கவில்லை என்றால், இடிக்கும் வீடுகளிலிருந்து கழித்துப் போடும் ஓடுகளை விசாரியுங்கள்.

சுவர் உதிர்கிறது என்று சிமெண்ட் பூசிவிட வேண்டாம். இந்த ஒரு தவற்றால் கெட்ட வீடுகள் ஏராளம். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விடும் இயல்புடையது. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் சுவர் உள்ளுக்குள் இளகி, பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சே அதற்குப் பொருந்தும். வெளிச்சுவரின் அடியில் மழைநீர் தேங்காதபடி தரையைச் சரித்துவிடுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.

இன்னொன்று. தகுதி பெற்ற மதிப்பீட்டாளரிடம் மனைக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாக விலை மதிப்பிட்டு இப்போதே ஓர் அறிக்கை வாங்கி வையுங்கள். சித்தப்பாவிடம் விலை பேசும்போது இரு தரப்புக்கும் பொதுவான ஓர் எண் வேண்டும். கல்தூணையும் பழைய கதவையும் மட்டும் விலைக்குக் கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தூணைக் கழற்றினால் மேலே இருக்கும் விட்டத்தைத் தாங்க எதுவும் இருக்காது.

கேள்வி கேட்டவர்: காவேரிப்பட்டணம் பேரன்

மூவருக்கும் என் நன்றி. பதில்களை அச்செடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வழக்கறிஞர் ஐயா சொன்ன பங்குக் கணக்கைக் கேட்டபோது கோபப்பட்டார். பென்னாகரத்து அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு தருமபுரிக்குப் பேருந்து ஏறினார்.

பெரிய அத்தை முதலில் அழுதார். இத்தனை வருடங்களில் அண்ணன் இதைப் பற்றிப் பேச வருவது இதுவே முதல்முறை என்றார். தமக்குப் பணம் வேண்டாம், ஆனால் எழுத்தில் முறையாகச் செய்துகொள்ளலாம் என்றார். சின்ன அத்தைக்கு மகளின் திருமணம் நெருங்குகிறது. அவர் தம் பங்குக்கான தொகை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. வாங்க வந்தவர் சின்ன அத்தையின் மாமனாரிடம் ஏற்கெனவே ஆள் அனுப்பிப் பேசியிருக்கிறார் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

அங்கிருந்து வந்ததும் அப்பா சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். சித்தப்பா ஓசூரிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசினார். வெளியாரிடம் இன்னும் முன்பணம் வாங்கவில்லையாம். நியாயமான விலை கிடைத்தால் வீட்டுக்குள்ளேயே கொடுத்துவிடுவதில் தமக்கும் நிம்மதி என்றார். ஆனால் கடன்காரர்கள் ஆறு மாதத்துக்கு மேல் பொறுக்க மாட்டார்கள். எங்களால் ஒரே தவணையில் இரண்டு பங்குக்கான பணத்தையும் திரட்ட முடியாது. தோப்பில் அரை ஏக்கரைச் சித்தப்பா பெயருக்கு எழுதிக்கொடுத்து, மீதியைப் பணமாகக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். அடுத்த இரண்டு மாங்காய்ப் பருவங்களில் பாதிப் பாதியாக வாங்கிக்கொள்ளச் சின்ன அத்தை சம்மதித்திருக்கிறார். இதை எப்படி எழுதுவது? பெரிய அத்தையின் விட்டுக்கொடுத்தலை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதுமா?

பதில்: ஓசூர் வழக்கறிஞர்

தம்பி, முத்திரைத்தாளில் வீட்டிலேயே எழுதி வைப்பது போதாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது. குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைச் செலவு கிரயப் பத்திரத்தைவிட மிகவும் குறைவு என்பதால், செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

சின்ன அத்தையின் பத்திரத்தைப் பணம் முழுவதும் கொடுத்த பிறகே பதிவு செய்யுங்கள். அதுவரை தொகையையும் தவணைக் காலத்தையும் குறித்து ஓர் ஒப்பந்தம் எழுதி, அதையும் பதிவு செய்துவிடுங்கள். அவர் கையில் பாதுகாப்பு இருக்க வேண்டும். உங்களுக்கும் வேறு எவரும் இடையில் நுழையாத உறுதி வேண்டும். சித்தப்பாவுக்குத் தோப்பில் அரை ஏக்கர் கொடுப்பதென்றால், உட்பிரிவு செய்து அளந்து, எல்லைக்கல் நட்டு, அதற்குத் தனிப் பத்திரம் எழுதுங்கள். அவர் அந்த நிலத்தை விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும் என்பதால் அதற்குச் சாலையிலிருந்து வழி விட மறக்காதீர்கள்.

உங்கள் பெரியப்பாவின் பங்கை மறந்துவிட்டீர்கள். பெரியம்மா, அண்ணன், திருமணமாகிப் போன அவருடைய தங்கை ஆகிய மூவருக்கும் அதில் உரிமை இருக்கிறது. வாரிசுச் சான்று வாங்கி அவர்கள் பெயர்களையும் சேருங்கள். எல்லாப் பத்திரங்களும் பதிவான பிறகு, வில்லங்கச் சான்று எடுத்துச் சரிபார்த்து, நத்தம் பட்டாவைக் கூட்டுப் பட்டாவாக மாற்ற வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அப்பாவின் பெயருக்குக் கீழே பெரியம்மாவின் பெயரும் வர வேண்டும்.